பிளஸ் டூ முடிஞ்சாச்சு, அடுத்து எந்த ஆபீஸ்? 18 வயதில் தனித்து விடப்படும் மாற்றுத்திறனாளி மாணவர்கள்

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் ஒரு செய்தி கட்டாயம் இருக்கும். பார்வையற்ற மாணவியின் மதிப்பெண், கைகள் இல்லாமல் தேர்வெழுதிய மாணவர், வீல்சேரில் வந்து பள்ளியிலேயே முதலிடம் பிடித்தவர். வாழ்த்துகள் குவியும், ஆட்சியர் நேரில் அழைத்துப் பாராட்டுவார். நல்ல விஷயம்தான்.

அதே மாதத்தில் இன்னொரு கூட்டமும் பள்ளியை விட்டு வெளியே வருது. சிறப்புப் பள்ளியில் படித்து, பொதுத்தேர்வே எழுதாத அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள். வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்காக வந்துபோன, பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள். பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஆட்டிசம் உள்ள பிள்ளைகள். இவர்களுக்கு ரிசல்ட் நாள் என்று ஒன்று கிடையாது. 18 வயசு ஆகும், பள்ளி வேன் வருவது நின்றுவிடும். அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்? வீடு, டிவி, ஜன்னல், அம்மா. தானாகச் சாப்பிடுவது, காசு எண்ணுவது, பஸ் நம்பர் பார்த்து ஏறுவது என்று பள்ளியில் வருடக்கணக்கில் பாடுபட்டுக் கற்றது எல்லாம் புழக்கத்தில் இல்லாமல் மெல்ல மறந்துபோகும்.

இது ஏன் நடக்குது? சட்டம் இல்லையா, திட்டம் இல்லையா, பணம் இல்லையா? மூன்றுமே ஓரளவுக்கு இருக்கு. ஒரு துறை தன் கையில் இருக்கும் பிள்ளையை அடுத்த துறையிடம் ஒப்படைக்கும் ஏற்பாடுதான் இல்லை. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த அலசல்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் 11.79 லட்சம். அப்போது கணக்கெடுத்தது சில வகைக் குறைபாடுகளை மட்டுமே. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பட்டியலை 21 வகையாக விரிவாக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு எல்லாம் அதில் வந்தது. அதனால் உண்மையான எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும்.

இன்னொரு புள்ளிவிவரம்தான் கவனிக்க வேண்டியது. 2018-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நடத்திய 76-வது சுற்று ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்தே 23.8 சதவீதம்தான். அதே ஆய்வில் வேலையின்மை விகிதம் வெறும் 4.2 சதவீதம். என்னது, இவ்வளவு குறைவா என்று தோணும். காரணம் எளிது: வேலை தேடுபவர்களை மட்டும்தான் 'வேலையில்லாதவர்' என்று எண்ணுவார்கள். நான்கில் மூன்று பேர் தேடவே இல்லை. அவர்களை யாரும் வேலைச் சந்தையின் வாசல் வரைகூடக் கூட்டிப் போகவில்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கு.

18-ல் அப்படி என்ன மாறுது?

ஒரே பிறந்தநாளில் பல கதவுகள் மூடுது.

முதலில் பள்ளி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நிற்கும்போது இது 18 வரை போவது பெரிய விஷயம். ஆனா 18-ம் பிறந்தநாளோடு அதுவும் முடிஞ்சுது.

அடுத்து சான்றிதழ். இது பல பெற்றோருக்குத் தெரியாத சங்கதி. அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும் என்பது ஒன்றிய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல். கற்றல் குறைபாட்டுக்கு 8, 14, 18. பதினெட்டில் தரும் சான்றிதழ்தான் ஆயுள் முழுக்கச் செல்லும். அதாவது, பள்ளி கைவிடும் அதே வருஷம் பழைய சான்றிதழும் காலாவதி ஆகுது. யுடிஐடி அட்டை, உதவித்தொகை, பயண அட்டை என்று மற்ற எல்லாமே அந்தச் சான்றிதழை நம்பித்தான் இருக்கு. பள்ளியில் இருந்தவரை மருத்துவ முகாமுக்குத் தேதி சொல்லி, வேன் ஏற்பாடு செய்து கூட்டிப்போக வட்டார வள மையம் இருந்தது. இப்போ யார் சொல்வது?

மூன்றாவது, கையெழுத்து. சட்டப்படி 18 வயதானவர் மேஜர். அதற்குப் பிறகு பெற்றோர் இயல்பான காப்பாளர் கிடையாது. பிள்ளைக்கு எவ்வளவு தீவிரமான அறிவுசார் குறைபாடு இருந்தாலும் சரி, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் அப்பா போடும் கையெழுத்து அன்றோடு செல்லாது. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

ஒரு பிள்ளை, எத்தனை துறை?

இங்கேதான் கதை சிக்கலாகுது. கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

சாதாரண அரசுப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர், பள்ளிக் கல்வித் துறையின் கணக்கில் வருவார். அவருக்கான சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை சிகிச்சை எல்லாம் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில், அதாவது ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து போடும் பணத்தில் நடக்கும். அந்தப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியக்காரர்கள். 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு தராமல் நிறுத்தி வைத்திருக்கு என்று 2025-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். அந்த அரசியல் சண்டையில் இந்தப் பயிற்றுநர்களின் சம்பளமும் மாட்டிக்கொண்டது பெரிதாகப் பேசப்படவில்லை.

சிறப்புப் பள்ளியில் படித்தால் கதை வேறு. அது பள்ளிக் கல்வித் துறை இல்லை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சில பள்ளிகளுக்கு நேரடியாக டெல்லியில் உள்ள சமூகநீதி அமைச்சகத்தில் இருந்து மானியம் வரும்.

18 தாண்டியதும் மருத்துவச் சான்றிதழுக்கு சுகாதாரத் துறை. உதவித்தொகைக்கு இரண்டு வழி: அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச் சிதைவு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் துறை தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை; மற்றபடி வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம், 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக உயர்ந்தது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். எது நமக்கு என்று தெரியாமல் தாலுகா ஆபீஸுக்கும் மாவட்ட ஆபீஸுக்கும் அலைபவர்கள் ஏராளம்.

தொழிற்பயிற்சிக்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் ஐடிஐ. அல்லது 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக மாற்றுத்திறனாளிகள் துறை தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தும் தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்கள். அல்லது சென்னை கிண்டியில் ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் நடத்தும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம். அல்லது முட்டுக்காட்டில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் நடத்தும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம். கிண்டிக்கும் முட்டுக்காட்டுக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனா ஒன்றில் இருக்கும் பிள்ளையின் பைல் இன்னொன்றுக்குத் தானாகப் போகாது. இரண்டும் டெல்லியில் வேறு வேறு அமைச்சகம்.

கிராமத்தில் இருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனில் இருந்து ஜில்லா தலைநகருக்கு இன்னொரு பஸ். இரண்டும் ஓடுது. முதல் பஸ் இறக்கிவிடும் இடத்தில் இரண்டாவது பஸ் நிற்பதில்லை. இடையில் உள்ள தூரத்தைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அம்மாதான்.

ஆங்கிலத்தில் இந்தக் கட்டத்துக்கு 'டிரான்சிஷன்' என்று பெயர். அதற்கு அரசாணைகளில் புழங்கும் நிலையான தமிழ்ச் சொல் ஒன்றை இந்தக் கட்டுரைக்காகத் தேடினோம், சிக்கவில்லை. பெயர் வைக்காத வேலை யாருடைய பொறுப்புப் பட்டியலிலும் இல்லாததில் ஆச்சரியம் இல்லை.

நன்றாகப் படிக்கும் மாணவருக்கு எல்லாம் சரியா இருக்கா?

முழுசா இல்லை. ஆனா ஒப்பிட்டால் பரவாயில்லை. உயர்கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் இட ஒதுக்கீடு சட்டத்திலேயே இருக்கு. 1995 சட்டத்தில் 3 சதவீதம்தான் இருந்தது. அதுவும் பார்வை, செவித்திறன், கை கால் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும் சேர்த்து ஒரு சதவீதம் என்று வந்தது 2016 சட்டத்தில்தான்.

இவர்களுக்கான சிக்கல், பள்ளியில் கிடைத்த சலுகை கூடவே வருவதில்லை என்பது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் எல்லாம் கிடைக்கும். கல்லூரிக்குப் போனால் மறுபடி விண்ணப்பம், மறுபடி மருத்துவர். போட்டித் தேர்வு என்றால் இன்னொரு படிவம். எழுத்துநடுக்கம் உள்ள ஒரு தேர்வர், தனக்கு 40 சதவீதக் கணக்கு இல்லை என்று உதவி எழுத்தர் மறுக்கப்பட்டதை எதிர்த்து யுபிஎஸ்சி மீது வழக்குப் போட்டு 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 40 சதவீதம் என்ற கோட்டைக் காட்டி உதவியை மறுக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2024 அக்டோபரில், குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு மாணவருக்கு எம்பிபிஎஸ் இடத்தை மறுக்க முடியாது, அவரால் படிக்க முடியுமா என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றது அதே நீதிமன்றம்.

ரெண்டுமே நல்ல தீர்ப்புகள். ஆனா ஒரு பரீட்சை எழுதவும் ஒரு சீட் வாங்கவும் டெல்லி வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்கணும். பள்ளி கொடுத்த ஒரு தாள் கல்லூரியிலும் செல்லும் என்றிருந்தால் பாதி வழக்கு வந்திருக்காது.

வேலை: பயிற்சிச் சான்றிதழ் இருக்கு, முதலாளி இல்லை

2016 சட்டத்தின் 19-வது பிரிவில் ஒரு நல்ல வரி உண்டு. வளர்ச்சிசார், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தனியாகத் திறன் பயிற்சி தர வேண்டும், அது சந்தையோடு நேரடித் தொடர்பு உள்ளதாக இருக்க வேண்டும் என்கிறது.

நடைமுறையில் பார்த்தால் மெழுகுவர்த்தி, காகிதக் கவர், பினாயில், மசாலா பாக்கெட். நாட்டில் எந்த மையத்துக்குப் போனாலும் இதே பட்டியல்தான். இவற்றைச் செய்யக் கூடாது என்று இல்லை. ஆனா அந்த ஊரில் மெழுகுவர்த்தி வாங்க ஆள் இருக்கா, பக்கத்துப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்ட ஆள் தேடுறாங்களா, சூப்பர் மார்க்கெட்டில் அடுக்க ஆள் வேணுமா என்று யாராவது விசாரித்துவிட்டு அந்தப் பயிற்சியைத் தேர்வு செய்தார்களா? அதை விசாரிக்கும் துறை ஒன்று, பயிற்சி தரும் துறை வேறொன்று.

இன்னொரு இடத்தில் நாம் பின்தங்கியிருக்கோம். அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரை வேலையில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. முதல் சில வாரங்கள் கூடவே நின்று, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்து, சூப்பர்வைசருக்கும் எப்படிப் பேசணும் என்று சொல்லிவிட்டு, மெல்ல விலகும் ஒரு ஆள் தேவை. சில தொண்டு நிறுவனங்கள் இதைத் தங்கள் சொந்த முயற்சியில் செய்யுது. அரசின் சம்பளப் பட்டியலில் அப்படி ஒரு பதவி பரவலாக இல்லை. தனியார் நிறுவனங்களில் 5 சதவீதம் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க அரசு ஊக்கத்தொகை தரும் என்று 35-வது பிரிவு சொல்லுது. ஊக்கத்தொகை வந்தாலும், முதல் மாதம் கூட நிற்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பையன் இரண்டாவது மாதம் வீட்டில்தான் இருப்பான்.

கையெழுத்து யாருடையது?

முன்னாடி சொன்ன விஷயத்துக்கு வருவோம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கு. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கும். தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். 18 வயதைத் தாண்டியவருக்கு சட்டப்பூர்வ காப்பாளரை நியமிப்பது இந்தக் குழுதான். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இந்தக் குழு தரும் சான்றிதழை வைத்துக் கணக்கு தொடங்க அனுமதிக்கலாம் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2007-லேயே சொல்லியாச்சு. பேங்க் மேனேஜர் 'கோர்ட் ஆர்டர் கொண்டுவாங்க' என்றால் இதைச் சொல்லலாம்.

காப்பாளர் ஆவது சும்மா ஒரு தாள் வாங்கும் வேலை இல்லை. நியமனமான ஆறு மாதத்துக்குள் அவர் பெயரில் உள்ள சொத்து விவரத்தைக் குழுவிடம் தர வேண்டும், வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும்.

இதில் ஒரு விவாதமும் இருக்கு, அதை மறைத்துப் பேச முடியாது. இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, ஒருவருக்காக இன்னொருவர் முடிவெடுப்பதை விட, அவரே முடிவெடுக்க உதவுவதைத்தான் வலியுறுத்துது. 2016 சட்டமும் 14-வது பிரிவில் 'வரையறுக்கப்பட்ட காப்பாளர்' என்று, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்கிறது. 1999 சட்டம் பழைய பாணி. மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல இதை மாற்றச் சொல்லுது. நியாயமான கோரிக்கைதான். 18 வயது ஆனவருக்கு ஓட்டுரிமையும் வருது என்பதைப் பல வீடுகள் யோசிப்பதே இல்லை.

அதே சமயம் ஒன்றைத் தெளிவாச் சொல்லணும். பார்வையற்றவருக்கோ, காது கேளாதவருக்கோ, வீல்சேரில் இருப்பவருக்கோ காப்பாளர் தேவையே இல்லை. அவர்களிடம் காப்பாளர் கேட்பது தவறு.

பக்கத்துல கேரளாவில் என்ன செய்றாங்க?

2004-ல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் பஞ்சாயத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். 'பட்ஸ்' என்று பெயர், அதாவது மொட்டுகள். இன்று அங்கே 300-க்கும் மேற்பட்ட பட்ஸ் நிறுவனங்கள் இருக்கு. காசர்கோட்டில் எண்டோசல்பானால் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும் பட்ஸ் பள்ளிகள் உண்டு.

இதை நடத்துவது யார் என்பதுதான் விஷயம். இடமும் நடத்தும் பொறுப்பும் உள்ளாட்சி அமைப்பு. கூடவே நிற்பது குடும்பஸ்ரீ, நம்ம ஊர் மகளிர் சுயஉதவிக் குழு மாதிரியான மாநில அமைப்பு. 18 வயது வரை பட்ஸ் பள்ளி, அதற்கு மேல் பட்ஸ் மறுவாழ்வு மையம். அங்கே தொழிற்பயிற்சி. பள்ளியையும் மையத்தையும் ஒரே பஞ்சாயத்துப் பார்ப்பதால், 18 வயது ஆனது என்றால் ஆபீஸ் மாறுவதில்லை. வார்டு மெம்பருக்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரியும்.

குறை இல்லையா? இருக்கு. எல்லாப் பஞ்சாயத்திலும் மையம் இல்லை. மையத்தில் இருந்து வெளி வேலைக்குப் போவது அங்கேயும் எளிதில்லை. ஆனா பிள்ளை கணக்கில் இருந்து காணாமல் போகாது.

அமெரிக்காவில்?

இந்த விஷயத்தை சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு அது. 1990-ல் திருத்தப்பட்ட அவர்களுடைய மாற்றுத்திறன் கல்விச் சட்டம், பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்குத் திட்டமிடுவதைப் பள்ளியின் கடமை ஆக்கியது. 2004 திருத்தத்தின்படி, மாணவருக்கு 16 வயது ஆகும்போது அமலில் இருக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் மேற்படிப்பு, வேலை, தனித்து வாழ்தல் பற்றிய இலக்குகள் இருந்தாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மாணவரையும் அழைக்கணும். பிறகு சேவை தரப்போகும் வேலைவாய்ப்புத் துறை போன்றவற்றையும், பெற்றோர் அல்லது மேஜரான மாணவர் சம்மதத்தோடு அழைக்கணும்.

இதில் முக்கியமான ஷரத்து ஒன்று: செய்வதாக ஒப்புக்கொண்ட துறை செய்யாமல் போனால், பள்ளி மறுபடி கூட்டம் போட்டு மாற்று வழி கண்டுபிடிக்க வேண்டும். 'நாங்க லெட்டர் போட்டோம், அவங்க வரலை' என்று பள்ளி கை கழுவ முடியாது.

2014-ல் வந்த இன்னொரு சட்டம், மாநில மறுவாழ்வுத் துறைகள் தங்களுக்கு வரும் ஒன்றிய அரசுப் பணத்தில் குறைந்தது 15 சதவீதத்தைப் பள்ளி மாணவர்களுக்கான வேலைத் தயாரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 'சேர்ந்து வேலை செய்யுங்க' என்று புத்தி சொல்வதும், பணத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வதும் ஒன்றல்ல.

1996-ல் சின்சினாட்டி நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய 'புராஜெக்ட் சர்ச்' இதற்கு நல்ல உதாரணம். பள்ளியின் கடைசி வருஷத்தை மாணவர்கள் வகுப்பறையில் இல்லாமல் மருத்துவமனையிலேயே கழிக்கிறார்கள். பல பிரிவுகளில் மாறி மாறி வேலை கற்கிறார்கள். ஆசிரியரைப் பள்ளி தரும், கூட நிற்கும் பயிற்றுநருக்கு மறுவாழ்வுத் துறை பணம் தரும், இடத்தை மருத்துவமனை தரும். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பங்கு. இப்போ பல நாடுகளில் இது நடக்குது.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2024-ல்கூட அங்கே 16 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர்கள் 22.7 சதவீதம்தான், மற்றவர்களில் 65.5 சதவீதம். இதில் முதியவர்களும் நிறைய என்றாலும் வித்தியாசம் பெரிது. 21, 22 வயதில் பள்ளிச் சேவை முடிந்ததும் பெரியவர்களுக்கான சேவைக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் அங்கேயும் இருக்கு. ஆனா யார் தவறினார்கள் என்று கேட்க அவர்களிடம் ஒரு தாள் இருக்கு. நம்மிடம் அது இல்லை. நம்ம 2016 சட்டத்தில் எங்கும், ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக்குப் பிந்தைய திட்டம் எழுத வேண்டும், அந்த மேசையில் இன்னின்ன துறை உட்கார வேண்டும் என்று இல்லை.

தமிழ்நாட்டில் புதுசா ஏதாவது நடக்குதா?

நடக்குது. 2022 ஜூனில் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த 'உரிமைகள்' திட்டம் நடந்துகொண்டிருக்கு. அதன் கீழ் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்படுது. சிகிச்சை, சான்றிதழ், ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது நோக்கம். பெயர் அழகு. ஆனா விழுது தானாகத் தரையைத் தேடி வரும். இந்த மையத்தை மாணவர்தான் தேடி வர வேண்டியிருக்கு. 17 வயது ஆன ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பெயரும் பள்ளியில் இருந்து அந்த மையத்துக்குத் தானாகப் போகும் ஏற்பாடு வந்தால், பாதி வேலை முடிஞ்சுது.

அது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. எல்லாப் பள்ளி மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கு, அதில் குறைபாட்டு விவரமும் பதிவாகுது. பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராத மாணவர்களை அந்தப் பதிவை வைத்தே தேடிப் பிடித்து, 'உயர்வுக்குப் படி' முகாமுக்கு அழைத்து, கல்லூரிகளையும் ஐடிஐயையும் வங்கியையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து சேர்க்கை போடும் வேலையை நம்ம மாவட்ட நிர்வாகங்கள் ஏற்கெனவே செய்யுது. இதைச் செய்யத் தெரிந்த அதே ஆட்சியர்தான் காப்பாளர் நியமிக்கும் குழுவுக்கும் தலைவர். அதே மண்டபத்தில் மாற்றுத்திறனாளி நல அலுவலர், மருத்துவக் குழு, வேலைவாய்ப்பு அலுவலர், காப்பாளர் குழு ஆகியோருக்கும் மேசை போட்டால் ஒரே நாளில் சான்றிதழ் புதுப்பிப்பு, உதவித்தொகை விண்ணப்பம், காப்பாளர் மனு மூன்றும் முடியும். சிறப்புப் பள்ளிகளையும் சேர்க்கணும். அவை வேறு துறை என்பதால் விட்டுப்போகும் ஆபத்து அதிகம், தேவையும் அங்கேதான் அதிகம்.

பெற்றோர் இப்போ என்ன செய்யலாம்?

அரசு மேசை போடும் வரை காத்திருக்க முடியாது. பிள்ளைக்கு 14, 15 ஆகும்போதே சிறப்புப் பயிற்றுநரிடம் 'இவன் 18-க்கு அப்புறம் என்ன செய்வான்' என்ற கேள்வியைக் கேளுங்க. எழுத்துப் பயிற்சியோடு நிறுத்தாமல் கடைக்குப் போவது, போன் பேசுவது, நேரம் பார்ப்பது ஆகியவற்றையும் அவனுடைய திட்டத்தில் எழுதச் சொல்லுங்க. முடிந்தால் பள்ளியில் இருக்கும்போதே, தெரிந்தவர் கடையில் வாரம் இரண்டு மணி நேரம் நிற்கட்டும். கூலிக்காக இல்லை, பழக்கத்துக்காக.

17 முடியும்போது ஆதார், ரேஷன் கார்டு, யுடிஐடி மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கா என்று பாருங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் அலைச்சல். சான்றிதழில் செல்லுபடியாகும் தேதியைப் பாருங்க. பள்ளியை விட்டு வெளியேறும் முன், அதுவரை நடந்த மதிப்பீடு, சிகிச்சை, தேர்வுச் சலுகை ஆணை எல்லாவற்றின் நகலையும் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வைங்க. பிறகு போய்க் கேட்டால் 'ரெக்கார்ட் இல்லை' என்ற பதில் வர வாய்ப்பு அதிகம்.

18 ஆனதும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. நான்கு வகைக் குறைபாட்டில் ஒன்று என்றால், தேவைப்பட்டால் காப்பாளர் மனு. அதே நான்கு வகைக்கும் ஒரு லட்ச ரூபாய் வரையிலான 'நிராமயா' மருத்துவக் காப்பீடும் தேசிய அறக்கட்டளையில் உண்டு. காப்பாளராக அப்பா, அம்மாவோடு யோசனையை நிறுத்திவிடாதீங்க. அவர்களுக்கு 60 வயது ஆகும்போது பிள்ளைக்கு 30. அண்ணனோ தங்கையோ பொறுப்பேற்கத் தயாரா என்பதை இப்போதே பேசுவது நல்லது.

பெற்றோரில் ஒருவர் ஒன்றிய அரசு ஊழியரோ ஓய்வூதியரோ என்றால் இன்னொன்றையும் செய்ய வேண்டும். சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பிள்ளைக்குச் சிறு வருமானம் இருந்தாலும், இறந்த ஊழியரின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதத்தைத் தாண்டாத வரை அது கிடைக்கும் என்று 2021 பிப்ரவரியில் விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சேர்க்க முடியும்.